மாடனுக்குப் போட்ட புள்ளிகள்

அக். 14, திங்கள்

காலையிலிருந்து மழை. மதியத்துக்கு முன்பே ஆலையை நிறுத்திவிட்டார்கள். ஈரத்தில் குச்சி காயாது. எனக்கு மாதச் சம்பளம், நனைந்துகொண்டு சிரித்தபடி வீட்டுக்கு வந்தேன். அக்காவுக்கு அடைத்த பெட்டிக்குத்தான் கூலி. அவள் சிரிக்கவில்லை. ஒரே தீப்பெட்டி ஆலை, ஒரே மழை.

செய்ய வேண்டியவை: வண்டி மட்கார்டில் அப்பிய கரிசலைச் சுரண்ட. யு.பி.எஸ். பேட்டரி பார்க்க. அப்பாவிடம் அக்கா விஷயம்.

கணினியைப் போட்டேன். மாடன் இன்னும் கோட்டை வாசலிலேயே நிற்கிறான். ஆட்டத்தில் என் ஆளுக்கு நான் வைத்த பேர் மாடன். கோடாலி, தாடி, அகன்ற நெஞ்சு. புள்ளியைப் பிரித்துப் போட்டு ஆளை உருவாக்குவதற்குப் பேர் பில்ட். நிலை ஏற ஏறக் கிடைத்த புள்ளியையெல்லாம் யோசிக்காமல் பலத்தில் போட்டுவிட்டேன். அறிவு, சுழி. பேச்சு, சுழி. கோட்டைக்குள் இருக்கும் பிசாசோ கோடாலிக்கு அசையாது, மந்திரத்துக்குத்தான் விழும். இதற்கு ஒரே வழி ரீஸ்பெக். சதுப்புச் சூனியக்காரியின் கஷாயத்தைக் குடித்தால் போட்ட புள்ளி முழுக்கக் கைக்குத் திரும்பும், வேறு மாதிரி போட்டுக்கொள்ளலாம். ஆட்டம் முழுக்க ஒரே ஒரு தடவை. கஷாயம் பையில் இருக்கிறது, வாங்கி மாசமாகிறது. குடிக்கப் பயம். மறுபடியும் தப்பாகப் போட்டுவிட்டால்?

வலையில் இதைப் பற்றி ஓயாத சண்டை. ரீஸ்பெக்கை இலவசமாகக் கொடுத்தால் தேர்வுக்கு மதிப்பில்லை, செய்த தப்போடு வாழப் பழகணும் என்கிறான் ஒருவன். அவன் தப்பு செய்தபோதெல்லாம் பின்னால் வசதியான அப்பா ஒருவர் நின்றிருப்பார்.

இதில் ஒன்று பிடிக்கும். ஆட்டமும் முதலில் குலம்தான் கேட்கும். மனிதனா, குள்ளனா, காட்டு இனமா. எதைச் சொன்னாலும் கையில் தரும் புள்ளி ஒன்றுதான். கோவில்பட்டியில் வாடகை வீடு பார்க்கப் போனால் அதே கேள்வி. பதிலைப் பொறுத்து வீடு.

பிளஸ் டூவில் அக்கா என்னைவிட நல்ல மார்க். அவளைப் பெட்டி அடைக்க அனுப்பினார்கள். என்னைப் பொட்டல்காட்டில் கட்டிய கல்லூரிக்கு. பி.இ. மெக்கானிக்கல். இப்போது லாரியில் பண்டல் ஏற்றிவிடுகிறேன். வீட்டுப் புள்ளி மொத்தமும் என் மேல் போட்டது. எவ்வளவு மட்டமான பில்ட் என்று என்னைப் பார்த்தாலே தெரியும்.

அக்கா தலையைத் துவட்டிக்கொண்டே பின்னால் வந்து நின்றாள்.

"ஏலே, தூத்துக்குடி நர்சிங் ஸ்கூல்ல இருந்து பேசுனாவ. எடம் இருக்காம். அடுத்த திங்கக்கெழமைக்குள்ள வந்து சேந்துரணுமாம்."

மாதாமாதம் கட்டிய சீட்டுப் பணத்தை எடுத்து வைத்திருக்கிறாள், ஃபீசுக்குக் கவலையில்லை. அப்பாவின் வாயிலிருந்து ஒரு சரிதான் வேண்டும்.

"அப்பாட்ட நீ சொல்லு. நான் சொன்னா பிடிவாதம்பாவ. நீ சொன்னா யோசனம்பாவ."

"சொல்லுதேன்."

"எப்ப?"

"சொல்லுதேங்கேம்லா."

அக். 15, செவ்வாய்

தூறல். அப்பா முகத்தில் வெளிச்சம், விதைத்த உளுந்து முளைத்துவிட்டது. இப்படிப்பட்ட நாளில் அவரிடம் எதையும் பேசலாம். பேசத்தான் போனேன். அவர் முந்திக்கொண்டார்.

"வெள்ளிக்கெழம நாகலாபுரத்துல இருந்து நம்ம செல்விய பாக்க வாராவ. பையன் உரக்கட வச்சிருக்கான். குடி கெடையாது."

அம்மா: "கல்யாணத்துக்குப் பொறவு வேலைக்கு விடுவாவளா?"

"உரக்கடக்காரன் பொண்டாட்டி எதுக்குட்டி வேலைக்குப் போணும்?"

நான்: "பாக்கத்தான வாராவ?"

"ஆமா. பாக்கத்தான்."

அடுப்படியிலிருந்து அக்கா என்னையே பார்த்தாள். பொறு என்று கையைக் காட்டினேன். பார்த்துவிட்டுப் போகட்டும். அதன் பிறகு சனி, ஞாயிறு கிடக்கிறது. சந்தோஷமாக இருக்கும் மனுஷனை இப்போதே ஏன் கெடுக்க? இப்படி ஒரு சமாதானம்.

மட்கார்டு சுரண்டியாச்சு. பேட்டரி இன்னும் இல்லை.

அக். 16, புதன்

மழை விட்டது. லோடோடு தூ.குடி போய் வந்தேன். போகிற வழியில் அந்த நர்சிங் ஸ்கூல் போர்டைப் பார்த்தேன். மஞ்சள் கட்டடம், வாசலில் வேப்பமரம். படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பலாம் என்று நினைத்தேன். லாரி நிற்கவில்லை.

சாயங்காலம் ஆட்டத்தைத் திறந்தால் மாடனுக்குத் தாடி இல்லை. முதலில் சிரிப்பு வந்தது. பிறகு புள்ளியைப் பார்த்தேன். பலம் அடிமட்டம். பேச்சு உச்சம். மூலிகை அறிவு உச்சம். கஷாயம் காலி.

"யாரு தொட்டா இத?"

"நான்தாம்." அக்கா சட்டையை மடித்துக்கொண்டே சொன்னாள். ஆலையில் அவள் பக்கத்துக்கு இன்றும் வேலை இல்லை. திரையில் வரும் இங்கிலீஷுக்கு நேரே ஃபோன் கேமராவைப் பிடித்து, அது தமிழாக்கிக் காட்டுவதைப் படித்துப் படித்து விளையாடியிருக்கிறாள்.

"கஷாயத்த எதுக்குக் குடிச்ச?"

"பையில சும்மாதான கெடந்துச்சு. குடிக்கியான்னு கேட்டுச்சு, ஆமான்னு அமுக்குனேன். பின்ன என்னலே, எந்நேரமும் வெட்டிக்கிட்டே திரியுதான். கேட்டுல நிக்கவன்ட்ட ரெண்டு வார்த்த பேசுனா அவனே தெறந்து விட்டுருவான்."

"தாடி?"

"மொகம் தெரியல."

"நான் சேவ் பண்ணி வச்ச பழைய ஆட்டம் எங்க?"

"அதுக்கு மேலேயே சேவ் போட்டுட்டேன். கரண்டு போயிரும்லா, அதான் அமுக்கிக்கிட்டே இருந்தேன்."

யு.பி.எஸ். செத்த வீட்டில் எல்லாரும் இப்படித்தான் விளையாடுவார்கள். நானும் அப்படித்தான். ஒரே இடத்தில், அதற்கு மேலேயே, திரும்பத் திரும்ப. பழசு மிச்சமிருக்காது. தெரிந்தும் கத்தினேன்.

"ஒனக்குன்னு ஒரு ஆளப் புதுசா ஆரம்பிச்சிருக்க வேண்டியதான?"

"மொதல்ல இருந்து வார அளவுக்கு எனக்கு எங்கலே நேரம்?"

"ஒன் கையில எது கெடச்சாலும் உருப்படாது."

சட்டை பாதி மடிப்பில் நின்றது. பிறகு மடித்து முடித்தாள். என் சட்டைதான்.

அக். 17, வியாழன்

வெயில். ஆலை முழு ஓட்டம். அக்காவிடம் பேசவில்லை. டீயைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். ஆறவிட்டுக் கொட்டினேன்.

அவள் பில்டைச் சோதித்தேன். அவள் சொன்னது சரிதான், காவல்காரன் பேச்சிலேயே மயங்கிக் கதவைத் திறந்தான். ஆனால் பிசாசு பேச்சு கேட்காது. மந்திரத்தில் அவளும் ஒன்றும் போடவில்லை. உள்ளே போனதும் மாடன் செத்தான். என் பில்டும் ஆகாது, அவள் பில்டும் ஆகாது. அதில் எனக்கு ஒரு திருப்தி. இப்படியும் ஒருத்தன்.

அம்மா வாங்கச் சொன்னது: நாட்டு வாழைப்பழம், மிக்சர், காகிதக் குவளை, வெற்றிலை.

சோறு வைக்கும்போது அக்கா மெல்லக் கேட்டாள். "அப்பாட்ட பேசுனியாலே?"

ஃபோனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

அக். 18, வெள்ளி

எழுத முடியவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

வேனில் வந்தார்கள். மாப்பிள்ளை ஒல்லி, தலை நிமிர்ந்து பேசாத ஆள். அவருடைய அத்தைதான் எல்லாம். பஸ், மழை, பருத்தி என்று என்னென்னவோ பேசினார்கள். அக்கா மிக்சர் தட்டை வைத்துவிட்டு அடுப்படி நிலையில் போய் நின்றாள்.

எங்கள் பக்கம் இந்த மாதிரி நேரத்தில் பெண்ணை யாரும் கேட்பதில்லை. உடன்பிறந்தவனைக் கேட்பார்கள். நாளைக்குத் தாய்மாமனாகச் சபையில் நிற்கப் போகிறவன் அவன்தானே. அவன் வாயில் வந்ததுதான் பெண்ணின் சம்மதம். கேவலமான ஏற்பாடு. அந்த ஏற்பாட்டில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள், உட்கார்ந்திருந்தேன்.

அப்பா திரும்பினார். "ஏலே ராசு, நீ என்ன சொல்லுத?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அக்காவும். கெஞ்சுகிற பார்வை இல்லை. பஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோல் ஒரு பார்வை.

பாக்கத்தான வந்திருக்காவ, பிறகு பேசிக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு. தாடியும் ஞாபகத்தில் இருந்தது. உண்மை அதுதான்.

"எனக்கென்ன, ஒங்க இஷ்டம்."

அவ்வளவுதான் சொன்னேன். அத்தைக்காரி எழுந்துவிட்டாள். "பொறவு என்ன, தம்பியே சொல்லியாச்சு. ஐப்பசி மொத வெள்ளி, எதுக்குத் தள்ளிப் போட்டுக்கிட்டு. ஏட்டி, அந்தப் பூவ எடு."

பையில் பூவோடுதான் வந்திருக்கிறார்கள்.

அம்மா கொஞ்சம் திகைத்தாள். அப்பாவுக்கும் எதிர்பாராதது, முகத்தில் தெரிந்தது. ஆனால் யாரும் நிறுத்தவில்லை. அக்காவை மணையில் உட்காரவைத்துப் பூ வைத்தார்கள். தலை குனிந்து வாங்கிக்கொண்டாள். வெற்றிலைத் தட்டை வாங்க என்னைக் கூப்பிட்டார்கள். வாங்கினேன்.

அக். 19, சனி

அப்பாவோடு உளுந்துக் காட்டுக்குப் போனேன். களை எடுக்க என்று சொல்லிக்கொண்டு. செருப்பு கரிசலில் புதைந்தது, கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். நர்சிங், திங்கட்கிழமை, சீட்டுப் பணம், அவள் ஆசை.

நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இது எப்பத் தெரியும் ஒனக்கு?"

"திங்கக்கெழம."

"செவ்வாக்கெழம நான் சொல்லும்போது பக்கத்துலதான இருந்த?"

"ஆமா."

"அப்பமே சொல்லிருந்தா, ரெண்டு வருசம் போட்டும், இப்ப வரவேண்டாம்னு ஒரு ஃபோனப் போட்டுருப்பேன். நேத்து நாலு பேரு முன்னால கேட்டேன். அப்பமாவது சொன்னியா? பூ வச்சாச்சு. பூ வச்ச பிள்ளையத் திருப்பிவிட்டா, நாளைக்கு அவளத்தான் ஒண்ணு ரெண்டு சொல்லுவானுவ. ஒன்ன இல்ல."

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். எத்தனையோ நாள் மனதுக்குள் ஒத்திகை பார்த்த சண்டை அது. அவர் பிடிவாதக்காரர், பெண்ணை அடக்குபவர், காலம் மாறியது தெரியாதவர் என்று எல்லாம் தயாராக வைத்திருந்தேன். ஒரு ஃபோன் போட்டிருப்பாராம்.

சாயங்காலம் அக்காவிடம், "கோவத்துல இருந்துட்டேங்க்கா" என்றேன்.

"கோவத்துல சொல்லிருந்தாக்கூட பரவால்லலே. நீ சும்மா சொன்ன."

அக். 20, ஞாயிறு

காலை: முடிவெட்டு. கறிக்கடை வரிசை. பேட்டரி வாங்கியாச்சு.

மாப்பிள்ளையே கூப்பிட்டார். இனி அத்தான் என்று சொல்ல வேண்டும்.

"மாப்ள, ஒங்க அக்காவுக்கு என்ன கலர் பிடிக்கும்? நிச்சயப் பொடவ எடுக்கணும், அவியட்ட கேக்க ஒரு மாதிரியா இருக்கு."

மாடனுக்கு எந்தக் கவசத்தில் எத்தனை காப்பு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

"தெரியல அத்தான். கேட்டுச் சொல்லுதேன்." நல்ல ஆளாகத் தெரிந்தார், தைரியம் வந்தது. "அத்தான், அக்காவுக்கு நர்சிங் படிக்க எடம் கெடச்சிருக்கு. நாளைக்குச் சேரணும். கல்யாணத்த ரெண்டு வருசம்..."

சிரித்தார், கெட்ட சிரிப்பில்லை. "நல்லதுதான் மாப்ள. ஆனா எங்க அம்ம படுக்கையில இருக்காவ. அதான் அத்த இவ்ளோ அவசரப்படுதாவ. வீட்ல ஆள் வேணும்லா. பொறவு பாத்துக்கிடலாம்."

நர்ஸ் படிக்காமலே நர்ஸ் வேலை தயாராக இருக்கிறது. ஷிப்ட் கிடையாது, லீவு கிடையாது, சம்பளம் கிடையாது. இதை அவரிடம் சொல்லவில்லை. சரி அத்தான் என்று வைத்துவிட்டேன்.

அக்காவிடம் சொன்னேன், நாளைக் காலையில் நானே வண்டியில் தூ.குடி கூட்டிப்போகிறேன், நடப்பது நடக்கட்டும் என்று.

"வெள்ளிக்கெழம வாயத் தெறக்காத ஆளு, இப்ப வண்டிய எடுக்கப் போறியா? நீ எறக்கி விட்டுட்டு வந்துருவ. ஊர்ல பேச்சு வாங்குதது அப்பாவும் அம்மையும். ரெண்டு வருசம் அத நெனச்சுக்கிட்டு நான் படிக்கணுமா?"

"அப்ப சண்டையாவது போடுக்கா."

"யார்ட்ட?"

அக். 21, திங்கள்

வெயில். குச்சி நன்றாகக் காய்கிறது. அக்கா வேலைக்குப் போனாள், எப்போதும்போல் முதல் வேனில்.

பண்டல் ஏற்றிக்கொண்டிருக்கும்போது ஃபோன். அக்கா வேலை செய்யும் இடத்தில் ஃபோன் கொண்டுபோகக் கூடாது. அதனால் என் நம்பரையும் கொடுத்திருக்கிறாள்.

"செல்வி வீடா? இன்னைக்குச் சேரணும், இன்னும் வரலியே?"

"வரல மேடம்."

"இன்னைக்கு வரலியா, வரவே மாட்டாங்களா?"

லாரிக்காரர் ஆரன் அடித்துக்கொண்டிருந்தார்.

"வர மாட்டாங்க."

"நீங்க யாரு?"

"தம்பி."

"மொதல்லயே சொல்லிருக்கலாம்ல தம்பி. எட்டயபுரத்துப் பிள்ள ஒண்ணு எடம் கேட்டுத் தெனமும் பேசிக்கிட்டிருக்கு. அதுக்குக் குடுத்துருதேன்."

சாயங்காலம் அக்கா கை கழுவிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். குழாயை மூடினாள். நான் எதிர்பார்த்தது எதுவும் அவள் முகத்தில் இல்லை.

"யாருக்குக் குடுத்தாவளாம்?"

"எட்டயபுரத்துப் பொண்ணாம்."

"பேரு?"

"கேக்கல."

"கேட்டுருக்கலாம்லா."

துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். வெங்காயம் நறுக்கும் சத்தம் கேட்கிறது. போய் உட்கார்ந்து பூண்டாவது உரிக்கலாம்.