பெட்டிக்கு ஞானஸ்நானம்

ஜூன் 9, திங்கள்

விடியும்போதே வெக்கை. பட்டறையில் கூட்டம். இருந்தவர்கள்: இவர், கொழுந்தன் சேவியர், போர்டில் ஈயம் பத்தவைக்கும் நால்வர் (லூர்து, ஸ்டெல்லா, கஸ்தூரி, பானு), நான். ஃபேன் ஒன்று. அதுவும் சேவியர் பக்கம்.

விஷயம்: நாங்கள் செய்யும் கேபிள் டிவி செட்டாப் பெட்டிக்குப் புது விதி வருகிறதாம். நாடு முழுக்க ஒரே தரம். பெட்டியில் பாதியாவது இங்கே செய்ததாக இருக்க வேண்டும். லூர்து சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்கும் சந்தோஷம், ஒரு டீ குடித்து முடிக்கிற வரை.

பிறகுதான் சேவியர் மிச்சத்தைச் சொன்னார். நம்மிடம் வாங்கும் கேபிள் கம்பெனி புதுத் தரம் கேட்கிறது, தருவது சீனப் பெட்டி விலை. போர்டு இங்கே அடித்தால், அதாவது நாங்களே பத்தவைத்துச் செய்தால், அந்த விலைக்குக் கட்டாது. கூட்டிப் பார்த்தேன், மறுபடி கூட்டினேன். கட்டவில்லை. பிள்ளை நம்மூர்ப் பிள்ளையாக இருக்க வேண்டும், பால் செலவை மட்டும் யாரும் தர மாட்டார்கள்.

வாங்க வேண்டியது: பூண்டு, தீப்பெட்டி, மெழுகுவர்த்தி.

ஜூன் 10, செவ்வாய்

அந்தோணியார் நவநாள் ஜெபம். ராயபுரம் வரை பஸ்ஸில் நின்றே போனேன். வழியெல்லாம் கன்டெய்னர் லாரி.

திரும்பினால் பட்டறை வாசலில் அட்டைப்பெட்டி அடுக்கு. சீனாவிலேயே முழுக்க முடிந்து வந்தவை. மூடி மட்டும் தனி. மூடியை வைத்து நாலு ஸ்க்ரூ முடுக்கினால் இந்தியாவில் செய்ததாம். சேவியர் ஏற்பாடு. ஒரு பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவரை முறைத்தேன்.

"இன்னா அண்ணி, மொறைக்கிற? கொயந்த தலைல மூணு தபா தண்ணி ஊத்துனா கிறிஸ்டினாயிடுதுல்ல? அத்தான் இதுவும். பொட்டிக்கு ஞானஸ்நானம்."

இவர் சிரித்தார். அதுதான் தைத்தது. பானுவுக்கு விளங்கவில்லை, பாய் வீட்டுப் பெண். கஸ்தூரி மாரியம்மன் பக்தை. அவள்தான் பானுவுக்கு ஞானஸ்நானத்தை விளக்கினாள்.

ஜூன் 11, புதன்

அதுவே பெயராகிவிட்டது. மத்தியானத்துக்குள் எத்தினி ஞானஸ்நானம் ஆச்சு என்று கேட்டுக்கொள்கிறார்கள். ஆண்டவரே, மன்னியும்.

ஸ்க்ரூ முடுக்க இருவர் போதுமாம். ஸ்டெல்லாவும் பானுவும் திங்களிலிருந்து வேண்டாம் என்று சேவியர். இவர் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். பானு அடுக்களைக்கு வந்தாள்.

"நீ சொல்லிக்குடுத்துதானக்கா பத்தவைக்கக் கத்துக்கினேன். ஸ்க்ரூ முடுக்க எங்க வூட்டுச் சின்னதுக்கே தெரியும்."

டீ ஊற்றிக் கொடுத்தேன். வேறென்ன இருந்தது என்னிடம்.

சாயங்காலம் ஒரு காகிதம். பாதிக்கு மேல் எங்கள் பட்டறையில் செய்தது என்று உறுதிமொழி. கையெழுத்து என்னுடையது வேண்டும். பெண்களுக்கான சலுகைக்காகப் பட்டறை என் பேரில். இத்தனை வருடம் என் பேர் வாசல் பலகையில் வெயில் காய்ந்தது, ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. இன்று பேனா மூடியைக்கூடக் கழற்றித் தருகிறார்கள்.

ஜூன் 12, வியாழன்

காரப்பொடி மீன் குழம்பு. புளி தூக்கல். யாரும் குறை சொல்லவில்லை, பயம்.

இவர் சொன்னது: எல்லாப் பட்டறையிலும் இதே கதைதான், கெவர்மென்ட்டுக்கே தெரியும்.

"தெரிஞ்சா என் கையெழுத்து எதுக்கு?"

தட்டில் கை கழுவினார்.

ஒன்று நியாயம். இந்தத் தெருவில் யார் கூடுதல் கொடுத்துப் பெட்டி வாங்குவார்கள்? போன மாதம் மிக்ஸி எடுத்தபோது நான் விலையைத்தான் பார்த்தேன், ஊரைப் பார்க்கவில்லை. ஆனால் எந்த ஊர் என்று பொய் எழுதிக் கொடுக்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி. அந்தோணியார் திருநாள்

கோயிலில் ஏழைகளுக்கு ரொட்டி கொடுத்தேன். தொலைந்ததைத் தேடித் தருபவர் அந்தோணியார்; அவரிடம் கேட்கும் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. என்ன தொலைந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாமல் வெளியே வந்துவிட்டேன்.

காகிதம் பைபிளுக்கு அடியில். கையெழுத்து இல்லை. சேவியருக்கு போனில் அனுப்பியது, அப்படியே:

தம்பி, போர்டை இங்கே அடித்தால் இன்றே கையெழுத்துப் போடுகிறேன், லாபம் குறைந்தாலும் சரி. முடியாதென்றால் பட்டறையை உங்கள் பேருக்கு மாற்றி நீங்களே போடுங்கள். ஸ்டெல்லாவிடமும் பானுவிடமும் வேலை உண்டா இல்லையா என்று நாளைக்குள் நான் சொல்ல வேண்டும். இரண்டில் எது? சீக்கிரம் பதில் போடுங்கள்.