ஜீப் கதவில் பட்டை

1962 ஆகஸ்ட் 28

அச்சங்குளத்துப் பட்டாசு முதலாளியின் ஜீப் இன்று எங்கள் சிவகாசிப் பட்டறைக்கு வந்தது. கதவு இரண்டிலும் கைகள். வெள்ளிக் கைகள். கரிசலில் வண்டி பதிந்தால் ஆலைப் பெண்களைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்கிறார்கள். அவர்களுடைய கையிலிருந்த அலுமினியப் பொடி அப்படியே ஒட்டியிருக்கிறது. பக்கத்துத் தரையில் மல்லாந்து கிடந்து பார்த்தால், அந்தக் கைகள் வண்டியை வானத்துக்குத் தூக்கிப் போவதுபோல் இருந்தது. இதில் என் அக்கா மாடத்தியின் கை எது?

முதலாளிக்கு வேறு கவலை. "வளையல் கீறி பெயிண்ட் போவுது. கதவுல நீளமா ஒரு பட்டை போடுங்க. அதுல கை வச்சுத் தள்ளட்டும்."

தள்ளுகிற உடம்பு என்ன ஆகும் என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

செப்டம்பர் 1

தேக்குச் சட்டம், மேலே லாரி டயர் ரப்பர். ஆலைக்குள் போகிற வண்டி, பொறி பறக்கக் கூடாதென்று பித்தளைத் திருகாணி. வண்டி முழுக்க இரும்பு, பட்டைக்கு மட்டும் பித்தளையாம்!

"பொம்பளைக கை படுற உசரத்துல போடுலே" என்றார் மேஸ்திரி வேதமாணிக்கம்.

சாயங்காலம் அக்காவைச் சுவரில் கைவைத்து நிற்கச் சொன்னேன். "என்னலே, வீட்டைத் தள்ளிச் சிவகாசியில விடணுமா?" என்று சிரித்தாள். ஆறு மாத வயிறு. சுவரில் இடிக்காமலிருக்கத் தள்ளி நின்றாள், கை தாழ்ந்தது. அந்த உயரத்தையே அளந்துகொண்டேன்.

செப்டம்பர் 4

பட்டை ஏறிவிட்டது. அழகாகத்தான் இருக்கிறது. சொல்லவே வெட்கமாயிருக்கிறது.

செப்டம்பர் 19

மழை. முன்பெல்லாம் பெயிண்ட்டுக்குப் பயந்து கடைசியில்தான் பெண்களைக் கூப்பிடுவார்கள். இப்போது வண்டி லேசாகத் திணறினாலே கூப்பாடு. "பட்டை போட்டாச்சுல்ல, நல்லா அமுக்கித் தள்ளுங்க!" தள்ளுகிற நேரத்துக்குக் கூலியும் கிடையாது.

அக்காவும் தள்ளியிருக்கிறாள். "உசரம் வாட்டமா இருக்குலே" என்று என்னைப் பாராட்டினாள்! பிறகு ஒன்றும் தின்னாமல் சுருண்டு படுத்துவிட்டாள்.

நான்தானே அளந்தேன்? அந்த வயிற்றை வைத்துத்தானே அளந்தேன்?

செப்டம்பர் 20

"தள்ளப் போவாதக்கா."

"போகலேன்னா வேலையை விட்டு நிறுத்திருவாகலே."

"சீசன்லயா? ஆர்டர் குவிஞ்சு கெடக்கு. எல்லாரும் கையக் கட்டிக்கிட்டா யாரை வச்சு ஆலைய ஓட்டுவாக?"

பக்கத்து வீட்டுக் குருவம்மாளும் அதே ஆலைதான். சுவருக்கு அந்தப்புறமிருந்து சொன்னாள்: "பட்டையும் போடுவானாம், தள்ளாதேன்னும் சொல்லுவானாம். ஒந் தம்பிக்கு நல்ல பொழப்புட்டி!"

சுருக்கென்றது. பொய்யா சொன்னாள்?

செப்டம்பர் 23

மதியம் பட்டறையில் கண் அயர்ந்தேன். கரிசல் காடெல்லாம் தண்ணீர். ஜீப் தெப்பம்போல் மிதக்கிறது. யாரும் தள்ளவில்லை. பெண்கள் இடுப்பளவு நீரில் நின்று கை கழுவுகிறார்கள். கழுவக் கழுவத் தண்ணீர் வெள்ளியாகிறது. அக்கா வண்டிக்குள் உட்கார்ந்து எங்கேயோ பார்க்கிறாள்.

விழித்தால் கிரீஸ் நாற்றம்.

அக்டோபர் 3

நல்ல மழை. ஆலை வாசலில் ஜீப் அச்சுவரை பதிந்துவிட்டது. பெண்களைக் கூப்பிட்டார்கள். யாரும் அசையுமுன் குருவம்மாள் கேட்டாளாம், "பட்டை போட்டிருக்கீகல்ல மொதலாளி, அதையே தள்ளச் சொல்லுங்க!"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிரித்த பிறகு யாருக்கும் தள்ள மனசு வரவில்லை. அக்காவும் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நின்றாளாம். முதலாளி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சகதியில் நடந்து போனாராம்.

அக்டோபர் 4

அக்கா வேலைக்குப் போயிருக்கிறாள். வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்களோ? என் பேச்சைக் கேட்டுத்தான் நின்றாளோ? ஸ்பேனரைத் தவறவிட்டு மேஸ்திரியிடம் திட்டு.

சாயங்காலம் வந்தாள். யாரையும் நிறுத்தவில்லை. தீபாவளி லோடு போகவேண்டுமே.

அக்டோபர் 11

ஆலைப் பாதையில் லாரி லாரியாகச் சரளை கொட்டிவிட்டார்கள். முதலாளிக்கு இரக்கம் வந்ததென்று நினைக்க நான் முட்டாளில்லை. தள்ள ஆளில்லாமலும் வண்டி ஓடவேண்டும், அவ்வளவுதான்.

"வெறுங்காலுல கல்லு குத்துதுலே, இதுக்கு அந்தச் சகதியே தேவலை" என்று திட்டிக்கொண்டே வீட்டுக்குள் வந்தாள் அக்கா. திட்டட்டும். உட்கார்ந்து, மறுசோறு கேட்டு வாங்கித் தின்றாள்.