கோயில் பக்கம் திரும்பிய மதியம்

வாத்தி,

அஞ்சலை இன்றும் வெண்கட்டியைத் தின்றுவிட்டாள். வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தவன், வாசலில் யாரோ கூப்பிட்டது போலிருக்கவே எட்டிப் பார்த்தேன். அதற்குள் மேசையில் வைத்த துண்டைக் காணோம். முன் வரிசையில் அஞ்சலை வாயை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். உதட்டோரம் வெள்ளை. "எங்கடி?" என்றேன். விழுங்கி முடித்த பிறகுதான் பதில் வந்தது. "எலி எடுத்துட்டுப் போயிருக்கும் சார்."

இந்த வெண்கட்டி உன் கண்டுபிடிப்பு. கடைகளில் வெண்கட்டி கிடைக்காமல் போனதும், மரவள்ளிக்கிழங்கை விரல் நீளத்துக்கு நறுக்கி, நாம் குடியிருந்த லயத்துத் தகரக் கூரையில் காயப்போட்டுக் கரும்பலகையில் எழுதிக் காட்டினாய். மங்கலாகத்தான் விழுந்தது, ஆனாலும் எழுத்து விழுந்தது. அன்று நீ போட்ட ஆட்டம்! "பாத்தியா வாத்தி, கப்பல் வராட்டிப் போவுது, நம்ம பள்ளிக்கூடம் ஓடும்லா" என்றாய். பிள்ளைகள் அதைத் தின்பார்கள் என்பது மட்டும் உன் புத்திக்கு எட்டவில்லை. இப்போது அதை வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டு பாடம் நடத்துகிறேன். காய்ந்த மரவள்ளியின் புளித்த வாசம் என் துணியெல்லாம் ஏறிவிட்டது. நீ இனி வரமாட்டாய் என்று தெரிந்த பிறகு அந்த வாசம் தாங்க முடியவில்லை. அதனால்தான் பழைய பாடக்குறிப்பின் பின்பக்கத்தில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உன்மேல் எனக்குக் கோபம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். செத்துப்போனவன்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். அவர்களுக்கு என்ன, அறுபது பிள்ளைகளை அவர்களா மேய்க்கிறார்கள்?

ஜப்பான்காரன் சண்டை வருவதற்கு முன்பே தலைமையாசிரியர் சொந்த ஊருக்குக் கப்பலேறி, திரும்பி வர வழியில்லாமல் அங்கேயே தங்கிவிட்டார். அரைகுறைப் பயிற்சியோடு நாம் இரண்டு பேர்தான் மிச்சம். சனிக்கிழமை தோறும் தோட்டத்திலிருந்து பத்து பாகாட் பட்டணம் வரை மிதிவண்டி மிதித்துப் பயிற்சி வகுப்புக்குப் போனோமே. பாடக்குறிப்பு எழுதுவது, பின் வரிசையில் பேசுகிறவனை அடக்குவது, பிரம்பை எங்கே வைப்பது என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். பசியில் மயங்கி விழும் பிள்ளையை என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. நாமே நம்பாத ஒன்றை முகம் மாறாமல் எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்றும் சொல்லவில்லை. பயிற்சி முடிவதற்குள் வெள்ளைக்காரன் ஓடிப்போனான். அதே கட்டடத்தில், அதே பெஞ்சில், ஜப்பானிய மொழி வகுப்பு ஆரம்பமாயிற்று. சனிக்கிழமை நம் தலையில் ஏறியதைத் திங்கட்கிழமை பிள்ளைகள் தலையில் ஏற்றினோம். "பிள்ளைங்களுக்கு ரெண்டு நாள் முன்னாடி படிச்சவன்தான்டா வாத்தியார்" என்று சிரிப்பாய். நீ சிரிக்கலாம். நான் ஒவ்வொரு திங்கட்கிழமையும் விடியுமுன் எழுந்து அந்தச் சொற்களை மனப்பாடம் செய்வேன்.

இந்த வேலை எனக்குப் பிடிக்காது என்பது உனக்குத் தெரியும். மகனும் தன்னைப் போல ரப்பர்ப் பால்மரம் வெட்டக் கூடாது என்று அப்பா பிடித்துத் தள்ளிய வேலை இது. பொந்தியானில் மாமா கடைக்குப் போய்விட வேண்டும் என்பதுதான் என் கனவு. நீ அப்படியில்லை. லயத்தில் தலைவலி என்று படுத்துக் கிடப்பவன், வகுப்புக்குள் கால் வைத்ததும் வேறு ஆளாகிவிடுவாய். என் வகுப்புப் பிள்ளைகள்கூடப் பலகைத் தடுப்பில் இருந்த ஓட்டை வழியாக உன் பாடத்தைத்தான் கேட்டார்கள். நானும் கேட்டேன்.

சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடிக்க ஆரம்பித்த பிறகு இந்த வேலைக்குத் திடீரென்று மதிப்பு வந்தது. வாத்தியாரைப் பிடிக்க மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் இருக்கும் வரை பெரிய பையன்களையும் தொட மாட்டார்கள். தோட்டத்தில் அரும்பு மீசை வந்தவனெல்லாம் அகரம் எழுத உட்கார்ந்தான். அம்மாக்கள் வந்து கெஞ்சினார்கள், நீ எல்லோரையும் சேர்த்துக்கொண்டாய். "படிக்கவா வர்றாங்க?" என்று நான் முணுமுணுத்தேன். "வந்தது வந்துட்டாங்க, படிச்சிட்டுப் போவட்டும்" என்றாய்.

பிறகுதான் கிராணியார் நம்மை ஆபீசுக்குக் கூப்பிட்டார். வெள்ளைக்காரத் துரை போனபின் தோட்டத்துக் கணக்கும் அதிகாரமும் அவர் கையில்தான். முகத்தைப் பார்க்காமலே பேசினார். "ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஒரு வாத்தியார் போதும்னு உத்தரவு வந்திருக்கு தம்பி. ஜப்பான் அதிகாரி வந்து ரெண்டு பேரு பாடத்தையும் பாப்பாரு. நல்லா நடத்துறவங்க இருக்கலாம். இன்னொருத்தருக்கு சயாம். நான் ஒண்ணும் பண்ண முடியாது."

யார் இருக்கப் போகிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தகரப் பெட்டியை எடுத்துத் துடைத்து வைத்தேன். நீயோ எனக்குப் பாடம் சொல்லித் தருகிறாயாம்! "அதிகாரியப் பாக்காதே, பிள்ளைங்களப் பாத்துப் பேசு. நீ பயந்தா அதுங்களும் பயந்துரும்" என்று தினமும் என்னை நிற்க வைத்து நடத்தச் சொன்னாய். உன் இடத்துக்கே போட்டிக்கு வருகிறவனை இப்படித் தயார் செய்த ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

காலை வணக்கத்தையும் விடாமல் பழக்கினாய். நம் பள்ளிக்கூடத்துக்குக் கிழக்கே ரப்பர்ப் பால் கொட்டகையும் ஜப்பான் கொடியும், மேற்கே மாரியம்மன் கோயில். காலையில் 'கேரே', அதாவது வணக்கம், என்று குரல் கொடுத்ததும் அவர்கள் சக்கரவர்த்தி இருக்கும் கிழக்கே திரும்பி இடுப்பு வளையக் குனிய வேண்டும், அது ஜப்பான்காரன் சட்டம். மதியம் பள்ளி விடும்போது கோயிலைப் பார்த்துக் கைகூப்பி ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் போவது தலைமையாசிரியர் காலத்துப் பழக்கம். அதை நிறுத்தச் சொல்லி நான் எத்தனையோ தடவை சொன்னேன். "காலைல அவனுக்கு, மத்தியானம் நமக்கு. சரியாப் போச்சுல்ல?" என்று கணக்குப் பேசினாய்.

அதிகாரி வந்த நாள் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. லாரி தாமதமாக வந்ததால் காலை வணக்கம் முன்பே முடிந்துவிட்டது. கூட மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வந்தார். முதலில் என் பாடம், ஜப்பானியப் பாட்டு. இரண்டாவது அடியில் எனக்கு மறந்துபோயிற்று. அஞ்சலைதான் எடுத்துக் கொடுத்தாள். பிறகு நீ ரப்பர் கொட்டைகளை வைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாய். பிள்ளைகள் போட்டி போட்டுக் கை தூக்கினார்கள். அந்த அதிகாரிகூடக் குனிந்து ஒரு கொட்டையை எடுத்து வரிசையில் வைத்தான். அப்போதே முடிவாகிவிட்டது. நான் மனதுக்குள் அம்மாவிடம் விடைபெற்றுக்கொண்டேன்.

மதியம் ஆயிற்று. வணக்கம் வைத்துவிட்டுப் பிள்ளைகளை அனுப்பச் சொன்னான் அதிகாரி. எல்லோரும் திடலில் வரிசையாக நின்றார்கள். பாடம் நன்றாகப் போன சந்தோஷம் உன் முகத்தில் அப்படியே இருந்தது. "கேரே!" என்று கணீரென்று குரல் கொடுத்தாய். பிள்ளைகள் பழக்கியபடி கிழக்கே திரும்பினார்கள். மதிய வேளை, பள்ளி விடும் நேரம், உன் கால் மட்டும் பழக்கத்தில் தானாகப் போயிற்று. கோயிலைப் பார்த்துத் திரும்பிக் கைகூப்பினாய்.

நீ ஒருவன் மட்டும் தப்பாக நின்றிருந்தால் ஓர் அறையோடு போயிருக்கும். பிள்ளைகளின் ஒழுங்கு உன்னைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் முன் வரிசையில் அஞ்சலை உன்னைப் பார்த்தாள். கொடியைப் பார்த்தாள். மறுபடி உன்னைப் பார்த்துவிட்டுக் கோயில் பக்கம் திரும்பினாள். பிறகு பக்கத்திலிருந்தவள். பிறகு அந்த வரிசை. கடைசியில் மீசை முளைத்தவர்கள் வரை அறுபது பேரும் கொடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் எல்லாம் நடந்துவிட்டது.

அதிகாரி உன்னை அறைந்து கீழே தள்ளினான். நீ எழுந்து நின்றாய், மறுபடி அறைந்தான். "இவன் பிள்ளைகளை எதிர்ப்பக்கம் திருப்புகிறான் என்கிறார்" என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார். கிராணியார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் யாரும் அழவில்லை. அழக்கூடப் பயம்.

பிறகு அஞ்சலையைப் பிடித்து உலுக்கினேன். "ஒழுங்கா நின்னவ ஏன்டி திரும்புன?" என்று கத்தினேன். "சார் தனியா நிக்குறாருல்ல" என்றாள்.

பயிற்சி வகுப்பில் எவ்வளவோ சொன்னார்கள், இதைச் சொல்லவில்லையே வாத்தி. நம் வாயிலிருந்து வருவதைவிட நம் கால் எந்தப் பக்கம் போகிறது என்பதைத்தான் பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்று யாராவது சொல்லியிருக்கக் கூடாதா? உன்னைப் போல நன்றாகச் சொல்லிக் கொடுப்பவனுக்குத்தான் அந்த ஆபத்து. அன்று நான் தப்பாகத் திரும்பியிருந்தால் ஒரு பிள்ளையும் என் பின்னால் வந்திருக்காது. மோசமான வாத்தியாராக இருந்ததால் தப்பித்தவன் நான்.

உன்னைச் சயாமுக்கு ஏற்றிக்கொண்டு போக லாரி வந்த நாளில், கன்னத்து வீக்கம் வடியாத முகத்தோடு என்னைப் பார்த்துச் சிரித்தாய். குளுவாங்கில் ரயில் ஏற்றுவார்கள் என்று பேசிக்கொண்டார்கள். "மூணு மாசம்னு சொல்றான். நான் வர்ற வரைக்கும் பள்ளிக்கூடத்த மூடிறாதே வாத்தி. வந்து வாங்கிக்கிறேன், நீ பொந்தியானுக்குப் போயிரு" என்றாய். நான் தலையாட்டினேன். அந்த நேரத்தில் யார்தான் மாட்டேன் என்று சொல்வார்கள்?

அப்படித்தான் மாட்டிக்கொண்டேன். இரண்டு வகுப்புகளுக்கும் நடுவே இருந்த தடுப்பை எடுத்துவிட்டு, எல்லோரையும் ஒன்றாக வைத்துப் பாடம் நடத்துகிறேன். தோட்டத்தைத் தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டுக் கிடைத்தாலும் போக முடியாது. நான் போனால் பள்ளிக்கூடம் மூடப்படும், மூடினால் பெரிய பையன்களுக்கு அடுத்த லாரி. அவர்களுடைய அம்மாக்கள் காலையில் பால் வெட்டப் போகும் வழியில் ஜன்னலில் எட்டிப் பார்த்து, நான் இருக்கிறேனா என்று உறுதி செய்துகொண்டுதான் போகிறார்கள். எனக்குக் காய்ச்சல் வந்தால் தோட்டமே கஷாயம் கொண்டுவருகிறது. இன்னும் நான் பயிற்சி ஆசிரியர்தான், தெரியுமா? பயிற்சியை முடித்து வைக்க ஆளில்லை. நீ வரும் நாளைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

நீ வரவில்லை, முனியாண்டி வந்தான். உன் லாரியில் போனவன். எப்படியோ தப்பி ஓடிவந்து அக்காள் வீட்டில் ஒளிந்திருக்கிறான். அவன் பெயர் இதில் இருப்பதால் எழுதி முடித்ததும் இந்தத் தாளை அடுப்பில்தான் போட வேண்டும். ஒருநாள் பாடத்துக்கு நடுவே பள்ளிக்குப் பின்னாலிருக்கும் மரவள்ளித் தோட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டனுப்பினான். கால் முழுக்கப் புண். ஆளே அடையாளம் தெரியவில்லை.

"நம்ம வாத்தியாரு போயிட்டாருங்க சார். வாந்திபேதி. நான்தான் தூக்கிட்டுப் போனேன்."

"ஏதாச்சும் சொன்னானா?"

"பள்ளிக்கூடம் நடக்குதான்னு கேட்டாருங்க. எனக்கு என்னங்க தெரியும் அங்க இருந்துகிட்டு? நடக்குதுங்கன்னு சொல்லிட்டேன்."

உட்கார்ந்து அழுதேன். முனியாண்டி தப்பி வந்தது வெளியே தெரியக் கூடாது, அதனால் நீ செத்துப்போனதும் தெரியக் கூடாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்குப் போய் மிச்சக் கணக்கை நடத்தினேன்.

பிள்ளைகளுக்கு நீ இன்னும் சயாமில் இருக்கிறாய். தங்களால்தான் நீ போனாய் என்பது அவர்களுக்குத் தெரியும், அதற்கு ஒரு பரிகாரமும் அவர்களே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். எனக்கு முன்பே வந்து வரிசையைச் சரி செய்வது அஞ்சலைதான். குனிவதில் ஒருவன் கோணினாலும் தலையில் குட்டு வைக்கிறாள். "தெனமும் ஒழுங்கா கிழக்க குனிஞ்சா நம்ம சார விட்டுருவாங்கல்ல சார்?" என்று ஒருநாள் கேட்டாள். பார்ப்போம் என்று சொல்லி வைத்தேன்.

முனியாண்டி சொன்னதற்கு மறுநாள் காலை, நீ நின்ற அதே இடத்தில் நான் நின்றேன். மதியப் பாட்டு உன்னோடு நின்றுபோயிற்று, கோயிலைப் பார்த்து யாரும் நிற்பதில்லை. முதல் நாள் சாயங்காலமே தனியாகப் போய் அம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். அது போதவில்லை. உனக்காக ஒரு தடவை, அந்த இடத்திலிருந்து, நீ திரும்பிய பக்கமே திரும்பிக் கைகூப்ப வேண்டும் போலிருந்தது. அறைந்தால் அறையட்டும், லாரி வந்தால் வரட்டும் என்றுகூட நினைத்தேன். "கேரே" என்றேன். என் கால் கிழக்கே போகவில்லை.

வரிசையைப் பார்த்தேன். அஞ்சலை என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மட்டுமில்லை, அறுபது பேரும்.

கிழக்கே திரும்பிக் குனிந்தேன். பின்னால் அத்தனை பேரும் குனியும் சத்தம் ஒன்றாகக் கேட்டது. நிமிர்ந்ததும் அஞ்சலை ஓடிவந்து, "இன்னைக்கு ஒருத்தர்கூட தப்பு பண்ணல சார்" என்றாள். மடியிலிருந்த வெண்கட்டியைப் பாதியாக உடைத்து அவளிடம் கொடுத்தேன். எலியின் மேல் பழி போடாமல் என் முன்னாலேயே தின்றாள்.

பள்ளிக்கூடத்தை வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னவன் நீ. இனி இதை யாரிடம் கொடுப்பது? மோசமான வாத்தியாராகவே இருந்திருந்தால் உன் பக்கம் ஒரு தடவை திரும்பியிருப்பேன். இப்போது அதுவும் முடியாது. இந்தப் பிள்ளைகள் என்னையும் தனியாக நிற்க விடமாட்டார்கள், வாத்தி.