மூன்று பிரதி, மூன்று பிள்ளையார் சுழி

தை 6, ஞாயிறு

கடும் பனி. எட்டு மணிக்கும் எதிரே வரும் ஆள் தெரியவில்லை.

இது இப்படித்தான் ஆகும் என்று முன்கூட்டியே சொன்னவன் நான். ஒருத்தரும் கேட்கவில்லை.

நடந்தது: தங்கச்சி மகள் கவிதா அன்னவாசலில் நான்கு அறுப்பு மிஷின் வைத்து வாடகைக்கு விடுகிறாள். எந்த வயலுக்கு எந்த மிஷின், யாருக்கு அடுத்து யார் என்கிற முறைப் பட்டியல் முழுவதும் கிளவுடில். கிளவுட் என்றால் மேகம். ஆனால் மேகத்தில் இல்லை, எங்கோ ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரில். இதை இந்த வட்டாரத்தில் முதலில் புரிந்துகொண்டவன் நான்.

நேற்று டிரைவர் செல்வம் ஈரக் கையோடு போனைத் தடவி, இன்றைய முறை முழுவதையும் அழித்துவிட்டான். பதினோரு வயல். காலையில் பதினோரு வண்டி வாசலில். எல்லோருக்கும் தன் வயல்தான் முதல்.

கம்பெனிக்குப் போன். "நீங்க அழிச்சா அழிஞ்சதுதான் மேடம். பேக்கப் எடுத்து வச்சுக்கிறது உங்க பொறுப்பு."

கவிதா போனை மேசையில் போட்டாள். மேலே இருந்தால் பத்திரம் என்று நினைத்திருக்கிறாள் பாவம்.

"சித்திரையிலயே சொன்னேனா இல்லையா?"

"நீங்க சொன்னது கிணத்து மோட்டாரு போயிரும்னு மாமா."

எல்லாம் ஒரே கரண்டில் ஓடுவதுதானே.

கத்தாரிலிருந்து அவள் வீட்டுக்காரர் முருகேசன் போனில் விதி சொன்னார். பட்டியலுக்கு மூன்று பிரதி வேண்டும். அதில் ஒன்று வெளியூரில் இருக்க வேண்டும். ஒரே ஆள் பொறுப்பாகப் பார்க்க வேண்டும். நான் கை தூக்கினேன். வேறு யாரும் தூக்கவில்லை. அறையில் வேறு யாரும் இல்லை.

தை 9, புதன்

வெயில் நன்று. இட்லி கல்.

வேலை தொடக்கம். நேற்றே ஆரம்பித்திருக்கலாம், செவ்வாய் என்பதால் விட்டேன்.

முறை: தினம் மாலை ஐந்துக்குப் பட்டியலைக் கீழே இறக்க வேண்டும். ஒன்று ஆபீஸ் கம்ப்யூட்டரில். ஒன்று பென் டிரைவில் (இனி பெ.டி.). ஒன்று வெளியூர் பெ.டி.யில். ஞாயிறு மட்டும் நான்கு மணி. ஐந்து ராகு காலம்.

எந்தப் பொத்தான் எதற்கு என்று கவிதா ஓர் அட்டையில் எழுதித் தர வந்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எட்டாம் வகுப்பில் இங்கிலீஷில் முதல் மார்க் வாங்கியவனுக்கு அட்டையா? ஒரு தடவை செய்து காட்டினாள். மேல் மூலை, கீழே பார்க்கும் அம்பு. போதும்.

கம்பெனிக்காரர்கள் படித்தவர்கள்தான், ஆனால் பட்டியல் மொட்டையாக இறங்குகிறது. எடுத்ததுமே "பெயர், ஊர், நாள்". அபசகுனம். மேலே ஒரு வரி சேர்த்துப் பிள்ளையார் சுழி போட்டேன். 'உ'. இனி தினமும், எல்லாப் பிரதிக்கும்.

பார்க்க லட்சணமாக இருக்கிறது. கவிதாவிடம் சொல்லவில்லை. தற்பெருமை எனக்குப் பிடிக்காது.

வேட்டி சலவைக்கு.

தை 11, வெள்ளி

வெளியூர்ப் பிரதியோடு ஆவூர். பஸ்ஸில் நின்றே பயணம். பெ.டி. உள்சட்டைப் பையில், மேலே கை. பக்கத்து ஆள், "நெஞ்சு வலியா?" என்றார். "அறுபத்திரண்டு குடும்பத்தோட நெல்லு இதுக்குள்ள இருக்கு" என்றேன். தள்ளி நின்றுகொண்டார்.

அதை வைத்துக்கொள்ளச் சம்மதித்த அருளானந்தம் வாத்தியார் ரிட்டையர் ஆகியும் சட்டைப் பையில் சிவப்புப் பேனாவோடுதான் இருக்கிறார். பெ.டி.யைப் பீரோவில் மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். உள்ளே பிள்ளையார் சுழி இருப்பதைச் சொன்னேன்.

"ஏம்ப்பா, ஒங்க பிள்ளையாரு இங்க இருக்கச் சம்மதிப்பாரா?"

"அம்மான்னா அவருக்கு உசுரு வாத்தியாரே. இருப்பாரு."

சிரித்து டீ போடச் சொன்னார். இரண்டு டீ, முறுக்கு.

திரும்பியதும் முருகேசன் போன். ஸ்பீக்கரில் போட்டாள் கவிதா.

"எடுத்து வச்சது சரி மாமா. அதத் திருப்பிப் போட்டுப் பாத்தீங்களா? திரும்பி வராத பேக்கப்பு இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்."

"பாக்காம இருப்பேனா மாப்ள? மூணு நிமிசம் அம்பது செகண்டு. ஒரு பேரு கொறையல."

கவிதா முகத்தில் எவ்வளவு நிம்மதி. "மாமா இருக்கிறதாலதான் நான் தூங்குறேன்" என்றாள்.

இரவு சாப்பாடு இறங்கவில்லை. முறுக்காக இருக்கும்.

தை 15, செவ்வாய்

மூட்டம். இரண்டு நாளில் மழை என்று ரேடியோ. எல்லா வயலும் பழுத்துத் தலை சாய்ந்து கிடக்கிறது. நனைந்தால் நெல் வயலிலேயே முளைத்துவிடும்.

பகல் ஒன்றரை. ஆபீஸில் நான் மட்டும். செல்வம் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தான். அந்த நேரம் பார்த்து வானம் பிளந்தது போல் ஒரு மின்னல். நேராக அந்தக் கம்பெனி கம்ப்யூட்டரில் இறங்கியிருக்க வேண்டும். திரையில் பட்டியல் இல்லை. அறுபத்திரண்டு பேரும் காலி.

கவிதா சாப்பாட்டை விட்டு ஓடிவந்தாள். செய்தி எப்படிப் பரவியதோ, அரை மணியில் வாசலில் கூட்டம்.

"யோவ், நாளைக்கு எனக்குன்னு அந்தப் புள்ள வாயால சொல்லுச்சு!"

"ஒனக்குச் சொல்லும். எனக்கு மெசேஜே வந்துச்சு."

"காட்டு."

"போன் வீட்ல இருக்கு."

கவிதா பெ.டி.யைப் போட்டாள். பட்டியல் ஏறவில்லை. ஆபீஸ் பிரதி, அதுவும் இல்லை. ஆவூருக்குப் போன் போட்டு வாத்தியாரின் மகளை வாட்சப்பில் அனுப்பச் சொன்னாள். அதுவும் வெறுமை. மூன்று பிரதியும் வெறுமை. இந்த வருஷம் பேர் கெட்டால் அடுத்த வருஷம் எவன் கவிதாவிடம் மிஷின் கேட்பான்?

அப்புறம் கோப்பைத் திறந்து பார்த்தாள்.

"மாமா, மேல என்ன இது?"

"பிள்ளையார் சுழி."

"யாரு போட்டா?"

"நாலு எழுத்துத் தெரிஞ்சவங்கதான் போட முடியும்."

முதல் வரியில் பெயர், ஊர், நாள் என்ற தலைப்பு இருந்தால்தான் கம்பெனிக்காரன் கம்ப்யூட்டர் பட்டியலைப் படிக்குமாம். சுழியைத் தலைப்பு என்று எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிட்டதாம். "அழிக்காதத்தா, தெய்வ குத்தம்" என்று சொல்லச் சொல்ல அந்த வரியை எடுத்தாள். அறுபத்திரண்டு பேரும் வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள்.

ஆக, என் பேக்கப் இல்லாவிட்டால் இன்று இந்த ஊரே இல்லை. சுழியை இனிப் பெ.டி.யின் வெளியே பேனாவால் போடலாம் என்பது என் தீர்மானம்.

கவிதா செல்வத்தின் கையையே பார்த்தாள்.

"இந்தத் தடவயும் நீதானா?"

"சத்தியமா தொடல அக்கா. சொம்பத்தான் தொட்டேன்."

"நாளையிலேருந்து வர வேணாம்."

மிஷின் சாவியை மேசை மேல் வைத்துவிட்டுப் போனான். மின்னலைப் பற்றி நான் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன்.

தை 16, புதன்

மூட்டம் இன்னும் இறங்கியிருக்கிறது. காற்றில் மண் வாசனை.

செல்வம் ஓட்டிய மிஷின் வல்லத்திராக்கோட்டையில் பாதி அறுத்த வயலில் நிற்கிறது. வேறு டிரைவர் ஒருவரும் கிடைக்கவில்லை. வயல்காரர் காலையிலிருந்து ஏழு போன். "ஏத்தா, மிஷினு நிக்கிது, ஆள எங்க? மழ ஒங்கிட்டக் கேட்டுட்டா வரும்?"

காபி வேண்டாம் என்றேன். வீட்டில் ஆச்சரியம்.

பத்து மணிக்குக் கவிதாவிடம் போனேன்.

"செல்வம் தொடல. அமுக்குனது நான்."

"மின்னல்னீங்க?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"தை மாசத்துல ஏது மாமா மின்னல்? அப்பவே யோசிச்சிருக்கணும் நான்." நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். "எதுக்கு அமுக்குனீங்க?"

"ஒத்திகை. பட்டியல் போயிட்டா நம்ம ஆளுக தாங்குவாங்களான்னு, வேணும்னே தட்டி விட்டுப் பாத்தேன்."

"அவன் வீட்டுக்கு வண்டிய விடுங்க. சாவிய நீங்களே கையில குடுங்க."

குடுத்தேன். அவன் பெண்டாட்டி முன்னால், பக்கத்து வீட்டுக்காரர் முன்னால். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன், ஒத்திகை என்றும் சொன்னேன். செல்வம் சாவியை வாங்கிக்கொண்டான்.

"அண்ணே, அடுத்த ஒத்திகை எப்பன்னு சொல்லிருங்க. அன்னைக்கு நான் சொம்பக்கூடத் தொடல."

வல்லத்திராக்கோட்டை வயல் நான்கு மணிக்கு முடிந்தது. நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடிய பிறகுதான் தூறல்.

நான் அங்கேயேதான் நின்றேன். தார்ப்பாயின் ஒரு மூலையைப் பிடித்தேன். (நான்கு மூலையும் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.)

ஒத்திகை என்றதும் பொய். மாப்பிள்ளையிடம் சோதித்துவிட்டேன் என்று சொன்ன நாளிலிருந்து மனசு உறுத்தல். கவிதா சாப்பிடப் போன நேரத்தில் நிஜமாகவே ஒரு தடவை சோதித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். திரையில் ஏதோ கேள்வி வந்தது. கீழே இரண்டு பொத்தான். இரண்டிலும் இங்கிலீஷ். எழுத்துக் கூட்டிப் பார்த்தேன், முதல் எழுத்துக்கு மேல் போகவில்லை. ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. பச்சையை அமுக்கினேன்.