தோள் காயும்வரை

பாப்பாவின் அம்மாவுக்கு,

ஆண்களுக்கான கருத்தடை ஜெல் ஆய்வில் நேற்று எனக்குக் கடைசிப் பரிசோதனை. விந்தணு எண்ணிக்கை பழையபடி ஏறிவிட்டதாம். "இனி நீங்க தாராளமா குழந்தை பெத்துக்கலாம் சார்," என்றாள் விவரம் தெரியாத நர்ஸ். அவள் சொன்னதைச் சொன்னேன், அவ்வளவுதான். உன்னை எதுவும் கேட்கவில்லை.

முதல் பிரசவத்தில் நீ பட்டதே போதும் என்றுதான் அந்த ஆய்வில் சேர்ந்தேன்.

தினமும் காலையில் இரண்டு தோளிலும் ஜெல் தடவுவேன். ஈரம் குழந்தைமேல் படக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பாப்பா ஓடிவந்து, "அப்பா, தூக்கு!" என்பாள். "காயட்டும்டா கண்ணு, தள்ளி நில்லு," என்பேன். காய்வதற்குள் பள்ளி வேன் வந்துவிடும்.

காய்ச்சலில் அவள் போய் நான்கு மாதமாகிறது. நீ உன் அம்மா வீட்டுக்குப் போய் மூன்று.

ஜெல்லை நிறுத்தியாகிவிட்டது. ஆனாலும் காலையில் சட்டை போடாமல் கொஞ்ச நேரம் நிற்கிறேன். தோள் காய்ந்துதான் இருக்கிறது.

பாப்பாவின் அப்பா