முழு எள்ளுக்கு ஒரு ஜெபம்

டிக்கோயா
மார்ச் 1953

அன்புள்ள அத்தானுக்கு,

டாக்டர் துரை இறந்ததிலிருந்து துரைசாணி கஞ்சியைத் தவிர எதையும் தொடவில்லை என்று எழுதியிருந்தேன் அல்லவா? நேற்று சாப்பிட்டுவிட்டார்!

அவர்கள் யூதர்கள். எதை வாயில் வைத்தாலும் அதற்கென்று ஒரு ஜெபம் உண்டு. துரையோடு அதுவும் நின்றுபோயிருந்தது. நான் எள்ளுருண்டை கொண்டுபோய் வைத்ததும் கையில் எடுத்து உற்றுப் பார்த்தார். "எள்ளு முழுசா, இடிச்சதா?" என்று கேட்டார். எள் என்றாலே நம் லயத்து வீடுகளில் கருமாதிதான் நினைவுக்கு வரும். துக்க வீட்டில் அதையே கொடுத்துவிட்டேனோ என்று எனக்கு உயிரே போய்விட்டது.

"முழுசுதாங்கம்மா. வறுத்துப் பாகுல புடிச்சேன்" என்றேன்.

இடித்து மாவாக்கியிருந்தால் ஜெபம் வேறாம். முழு எள் என்றால், மண்ணில் விளைவதைப் படைத்தவரை வாழ்த்த வேண்டுமாம். கண்ணை மூடிக்கொண்டு வாழ்த்தினார். மூன்று உருண்டை சாப்பிட்டார்.

துரையைப் புதைத்த மண். நம் பிள்ளையும் அதே மண்ணில்தான் இருக்கிறாள்.

அவளை அடக்கம் செய்த கையோடு நீங்கள் என்னை விட்டுப் பூண்டுலோயாவுக்குப் போனதிலிருந்து நானும் சிலுவை போடாமல்தான் சாப்பிட்டு வந்தேன். இன்று மத்தியானம் போட்டேன். சோறு இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வாருங்கள். நாலு உருண்டை எடுத்து வைத்திருக்கிறேன்.

இன்னமும்
உங்கள் மனைவி