மூளை சுருங்கினாலும் காணி என்னோடுதான்

என் அன்பான இஞ்சாருங்கோ,

நீங்கள் கண்ணை மூடி மூன்று போகம் முடிந்துவிட்டது. இன்றைக்கு ஒரு சந்தோஷச் செய்தி. உங்களிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. என் மூளை நல்லாயிருக்கிறதாம்!

கிளிநொச்சிக்கு வருமுன் இருபது வருஷம் ஆஸ்பத்திரிப் பிரேத அறையில் வேலை செய்த மனிசன் நீங்கள். வயது போனால் மூளை சுருங்கி, மடிப்புகள் விலகிப்போகும் என்று சாப்பிடும்போதுதானே சொல்லுவீர்கள். அந்தப் பயம் எனக்குள் இருந்தது. போன மாதம் இரண்டு தரம் சோற்றை அடிப்பிடிக்க விட்டேன். மூத்தவன் கண்டுவிட்டான்.

"அம்மாவுக்கு மறதி வந்திட்டுது. காணியைக் குத்தகைக்குக் குடுத்திட்டு யாழ்ப்பாணம் கூட்டிக்கொண்டு போறன்" என்று ஒரே பிடி. நீங்களும் நானும் காடு வெட்டி வயலாக்கிய மண்ணை விட்டு நான் எங்கே போவேன்?

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். டொக்டர் கொழும்பில் பிறந்து வளர்ந்த பிள்ளை. மகனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என்னைக் கேள்வி கேட்டார். நாள், கிழமை, விதைத்த நெல் எல்லாம் டக்கென்று சொன்னேன்.

"புருஷன் பேர் என்னம்மா?"

நாற்பது வருஷம் சொல்லாத பெயரை ஒரு பிற ஆம்பிளைக்கு முன்னால் சொல்வேனா? தலையைக் குனிந்துகொண்டேன். "புருஷன் பேரே மறந்துபோச்சு" என்று முணுமுணுத்தபடி அவர் எழுதத் தொடங்கினார்.

"நில்லுங்கோ டொக்டர்! மறக்கேல்லை. புருசன்ரை பேரை நாங்கள் வாயாலை சொல்லுறேல்லை. பேனையைத் தாங்கோ!"

உங்கள் முழுப்பெயரையும் தகப்பன் பெயரோடு கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். டொக்டர் தான் இருந்த கதிரை ஆட ஆடச் சிரித்தார்.

மூளை சுருங்குமாமே என்று கேட்டேன்.

"கொஞ்சம் சுருங்கும்தான். அதுக்காகப் புத்தியும் அதே அளவுக்குச் சுருங்கணும்னு இல்லை. உங்களுக்கு ஒண்ணுமில்லை. நாலு பேரோட பேசுங்க, வயலுக்குப் போங்க" என்றார்.

இத்தனை மூளை பார்த்த உங்களுக்கு இது ஏன் தெரியாமல் போனது? நீங்கள் பார்த்தவர்கள் ஒருவரும் வாய் திறந்து கதைக்கவில்லையே, அதனாலா?

டொக்டர் சொன்னதைக் கேட்டு மூத்தவன் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தான். "சரியணை அம்மா, காணி உன்னோடையே இருக்கட்டும். உலையை மட்டும் பாத்துக்கொள்" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான்.

வெள்ளிக்கிழமை விதைப்பு. முதல் பிடி நெல்லை நானே எறிவேன். ஒருநாள் எனக்கு எல்லாம் மறந்துபோகலாம், இல்லையென்று சொல்லவில்லை. அந்த நாள் வரும்வரை ஒரு போகமும் தப்பாமல் விதைப்பேன். இது உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் மனிசி,
உங்கள் பிள்ளைகளின் தாய்.